பாதி எனக்கு, பாதி தங்கச்சிக்கு

எங்கள் தமிழ்ச் சங்கத்திலிருந்து தர்ஷினி போன் எடுத்தபோது, லண்டன் செவன் கிங்ஸ் வீட்டின் பின்வளவில் காலையில் கூட்டிய இடத்தையே மறுபடியும் கூட்டிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றதிலிருந்து இதுதான் என் நிலைமை. உட்கார்ந்தால் கால் எழும்பச் சொல்கிறது, எழும்பினால் எங்கே போவதென்று தெரியவில்லை. "ஒரு இடத்திலை இருங்கோவன், பாக்கிற எனக்குத் தலை சுத்துது" என்று மனைவி சொல்லாத நாளில்லை.

தர்ஷினி சங்கத்தின் சுகாதாரப் பகுதியில் நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கிற பிள்ளை. இங்கேயே பிறந்தவள், பொதுச் சுகாதாரம் படித்தவள், கெட்டிக்காரி. தமிழ் நன்றாக விளங்கும். பேசும்போதுதான் பாதி ஆங்கிலமாகிவிடும்.

"அங்கிள், நாங்கள் ஹெல்த் வீடியோஸ் செய்யப் போறம். நீங்களும் ஒண்டு பேசவேணும். ஜஸ்ட் டூ மினிட்ஸ். இவ்வளவு காலத்திலை நீங்கள் லேர்ன் பண்ணின மெயின் திங் என்னெண்டு."

"ரெண்டு நிமிசத்திலையோ?"

"அதுக்கு மேலை போனால் ஒருத்தரும் பாக்க மாட்டினம், அங்கிள்."

அன்று பின்னேரம் குசினிக்கும் முன்னறைக்கும் இடையில் நடந்தபடி சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வணக்கம் சொல்லி, நான் இன்னார் என்று சொல்லி முடிப்பதற்குள் ரெண்டு நிமிடம் போய்விடுகிறது. கடைசியில் மனைவி பொறுக்க முடியாமல், "உதை எழுதித் துலையுங்கோ" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

உண்மையில் என்னை அந்தரப்படுத்தியது வீடியோ அல்ல. போனை வைக்கும் முன் தர்ஷினி இன்னொன்றும் சொன்னாள். புதன்கிழமைகளில் நடந்து வந்த 'மருந்துப் பை நாள்' இனி மாதத்துக்கு ஒருமுறைதானாம். கவுன்சில் தரும் பண உதவி குறைந்துவிட்டது, ஆட்களும் இல்லை, மிச்சத்துக்கு வீடியோக்களைப் போனில் அனுப்பலாம் என்கிறார்கள். வீடியோ கூடாதென்று நான் சொல்லவில்லை. என் வயதுக்காரர்கள் பஸ்ஸிலும் போனைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் புதன்கிழமை அந்த மண்டபத்தில் என்ன நடந்தது என்பது தர்ஷினிக்குத் தெரியாது. அவள் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

என் தொழில் வரலாறு பெரிய புராணமல்ல. ஜெர்மனியில் சில வருடங்கள் கோப்பை கழுவினேன். லண்டனுக்கு வந்து பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் செய்தேன். பிறகு வால்தம்ஸ்டோவில் ஒரு பாமசியில் மருந்து கொடுக்கிற கவுண்டரில் நின்றேன். இடையில் பின்னேர வகுப்புகள், ஒரு சான்றிதழ். அவ்வளவுதான் படிப்பு.

அந்தப் பாமசியில் எங்கள் ஆட்கள் வந்தால் நான்தான் மொழிபெயர்ப்பேன். "அம்மா, இது காலமை ஒண்டு, இரவு ஒண்டு. சாப்பிட்டாப் பிறகு. விளங்குதோ?" என்பேன். "ஓம் தம்பி" என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த மாதம் அவர்கள் வரும்போது கேட்டால், பெட்டி உடைக்கப்படாமல் வீட்டில் இருக்கும். எங்கள் ஆட்களுக்கு வெள்ளைக் கோட்டுப் போட்டவர் முன்னால் விளங்கவில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு. அவர் இவ்வளவு பாடுபட்டுச் சொல்லியிருக்கிறார், அவர் மனம் நோகக்கூடாது என்று நினைப்பார்கள். எனக்கு இது அந்த நாளிலேயே எரிச்சலாக இருந்தது. ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அதைத் தெரிந்தவர் தனலட்சுமி மிஸ். எங்கள் சங்கத்தின் சுகாதாரப் பகுதியை நடத்தியவர் அவர்தான். ஊரில் ஆஸ்பத்திரித் தாதியாக இருந்து, இங்கேயும் வார்டுகளில் வேலை செய்து ஓய்ந்து, பிறகு சங்கத்துக்கு வந்தவர். ஊர்ப் பழக்கத்தில் எல்லோரும் 'மிஸ்' என்றே கூப்பிடுவோம். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். அந்தத் தணிந்த குரலுக்குத்தான் நான் பயப்படுவேன்.

பாமசியை விட்டுச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதைக் கேட்டேன். ஒரு அம்மாவிடம் பழக்க தோஷத்தில் "விளங்குதோ?" என்று கேட்டுவிட்டேன். மிஸ் என்னை மண்டபத்துக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, அந்தக் கேள்வியை இந்த மண்டபத்துக்குள்ளை கேக்கக்கூடாது."

"எது மிஸ்?"

"விளங்குதோ எண்டது. ஓம் எண்டு மட்டும்தான் மறுமொழி வரும். அதை வைச்சு நாங்கள் என்ன செய்யிறது? வீட்டை போய் மகளுக்கு இதை எப்பிடிச் சொல்லுவியள், எனக்கு ஒருக்கால் சொல்லிக் காட்டுங்கோ எண்டு கேளும். அவ பிழையாச் சொன்னால் நான் வடிவாச் சொல்லேல்லை எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பச் சொல்லும். பிழை எப்பவும் உம்மடை. விளங்குதோ?"

"ஓம் மிஸ்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப எனக்குச் சொல்லிக் காட்டும்" என்றார்.

மருந்துப் பை நாளும் அவருடைய ஏற்பாடுதான். புதன்கிழமை கோயிலுக்குப் பின்னாலுள்ள மண்டபத்தில் முதியோர் சாப்பாடு நடக்கும். இடியப்பம், சொதி, ஒரு கறி. சாப்பிட வருகிறவர்கள் வீட்டிலுள்ள மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும். மூலையில் ஒரு மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி. கதிரையை எதிரே போடக்கூடாது, பக்கத்தில் போட வேண்டும். எதிரே இருந்தால் விசாரணை மாதிரி இருக்கும் என்பார். முதலில் தேத்தண்ணி. பிறகு பையை அவர்களே மேசையில் கொட்ட வேண்டும், நாங்கள் கை வைக்கக்கூடாது. ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, இது என்னத்துக்கு, எப்போது போடுகிறீர்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல விட வேண்டும். ஏன் போடவில்லை என்று கேட்கவே கூடாது.

அந்த மேசையில் வெளிவந்த விஷயங்களை எந்த டொக்டரும் கேட்டிருக்க மாட்டார். டொக்டர் கூடாதவர் என்பதல்ல. அவருக்கு இருக்கிற சில நிமிடத்தில் எங்கள் ஆட்கள் நல்ல பிள்ளையாகத்தான் நடந்துகொள்வார்கள். கொலஸ்ரோல் இறங்கிவிட்டது என்று ரிசல்ட் வந்ததும் குளிசையை நிறுத்திய ஒரு ஐயா இருந்தார். சுகம் வந்தபிறகு என்னத்துக்கு என்றார். சுகருக்கு ரத்தம் எடுக்கிற கிழமை மட்டும் சோறும் சொக்லேட்டும் தொடாமல் விரதம் காக்கிற அம்மாமார் பலர். ரத்தம் எடுத்துவிட்டுக் கிளினிக் வாசலிலேயே ரோல்ஸ் கடிப்பார்கள். "டொக்டரிட்டை ஏன் பேச்சு வாங்குவான்?" என்பார் ஒருவர். எனக்குச் சிரிப்பும் வரும், பொறுமையும் போகும். உடனே அவர்களுடைய குடும்ப டொக்டருக்குப் போன் எடுக்க ஓடுவேன். "உமக்குக் காலிலை சக்கரம். கொஞ்சம் இரும்" என்று மிஸ் என்னைப் பிடித்து இருத்துவார்.

சிவபாதம் அண்ணையின் விஷயத்தில்தான் என்னால் இருக்கவே முடியவில்லை.

சிவபாதம் அண்ணை பிளேஸ்டோவில் மகன் குடும்பத்தோடு இருந்தார். எழுபது கடந்தவர். அகதியாக வந்து, கடைகளில் மூட்டை இறக்கி, பிறகு சொந்தமாக ஒரு சிறு பலசரக்குக் கடை நடத்தி ஓய்ந்தவர். மனைவி இல்லை. வெளுத்த வேட்டியும் அதற்குமேல் தடித்த ஜாக்கெட்டுமாகப் புதன்கிழமை தவறாமல் வருவார். அவருடைய மருந்துப் பை எங்களுக்கு உதாரணம். பெட்டிகள் வரிசையாக இருக்கும். பிரஷருக்கு மூன்று விதமான குளிசை. ஒவ்வொன்றின் பெயரும், எதற்கு என்பதும், எப்போது என்பதும் பிசகாமல் சொல்வார். புதிதாக வருகிறவர்களை அவருக்குப் பக்கத்தில் இருத்திவிட்டுப் பார்க்கச் சொல்வேன்.

ஆனால் அவருடைய பிரஷர் இறங்கவில்லை. முழங்கால் மாற்றும் ஆபரேஷனுக்குக் காத்திருந்தார். பிரஷர் கூட என்று அது ஒருமுறை தள்ளிப்போனது. டொக்டர் அளவைக் கூட்டினார். இறங்கவில்லை. மூன்றாவது குளிசையைச் சேர்த்தார். சற்றே இறங்கியது. புதிய திகதி கிடைத்தது. "முருகனைச் சுத்தி நடந்து கும்பிட்டுக் கனகாலம் தம்பி. வாசல்லையே நிண்டு கும்பிட்டுப்போட்டுப் போறன்" என்பார். அந்த ஆபரேஷனைத் தவிர அவருக்கு வேறு பேச்சில்லை.

அந்தக் கோடையில், மகள் முறையான என் பெறாமகளின் கலியாணத்துக்கு நான் யாழ்ப்பாணம் போக இருந்தேன். ஊரில் மருந்துத் தட்டுப்பாடு வந்து, ஒருவாறு ஓய்ந்திருந்த காலம். எங்கள் ஆட்களில் ஒருவர் ஊருக்குப் போகிறார் என்றால் அது ரகசியமாக இருக்காது. ஒரு புதன்கிழமை சாப்பாடு முடிந்ததும் சிவபாதம் அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, கரவெட்டியிலை தங்கச்சி பாக்கியம் இருக்கிறாள். ஒரு சின்னப் பார்சல். கொண்டு போவீரோ?"

"தாங்கோ அண்ணை. அதிலை என்ன?"

கல்லு மாதிரிக் கட்டிய பொதியை நீட்டினார். "சொக்லேட்டும் சோப்பும்."

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். யார் பார்சல் தந்தாலும் மனைவி பிரித்து, எடை பார்த்து, எங்கள் உடுப்புகளுக்கு நடுவில் திரும்ப அடுக்குவாள். பையை நீங்களே அடுக்கினீர்களா என்று விமான நிலையத்தில் கேட்பார்கள். அதற்குப் பொய் சொல்லக்கூடாது என்பது அவள் கொள்கை. பிரித்தாள். சொக்லேட், சோப்பு. சோப்புகளுக்கு நடுவே பழைய பனியன் துணியில் சுற்றிய கட்டு. அதற்குள் குளிசை மட்டைகள். பெட்டி இல்லை, பெயர் ஒட்டிய தாளும் இல்லை. ஆனால் அந்த மூன்று குளிசைகளையும் நான் கிழமைக்குக் கிழமை அந்த வெள்ளைத் துணியில் பார்த்திருக்கிறேன்.

பையில் இல்லாத குளிசை வயிற்றுக்குள் போய்விட்டது என்றுதான் இவ்வளவு காலமும் நாங்கள் எண்ணியிருந்தோம். அவை வயிற்றுக்குள் போகவில்லை, கரவெட்டிக்குப் போயிருக்கின்றன. பாதியைத்தான் மனிதர் போடுகிறார். பிரஷர் இறங்கவில்லையென்று டொக்டர் கூட்டக் கூட்ட, அதிலும் பாதியை அனுப்பியிருக்கிறார். இனி வார்டில் படுக்கப் போகிறார். அங்கே மருந்துச் சீட்டில் உள்ள முழுவதையும் தாதிமார் கையில் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்ப்பார்கள். ஆபரேஷன் முடிந்து ரத்தமும் இழந்த உடம்புக்கு, அது இதுவரை கண்டிராத அளவில் மூன்று குளிசையும் ஒன்றாகப் போகும். பிரஷர் அடிமட்டத்துக்கு விழும். கட்டிலைவிட்டு எழும்பும்போது விழுவார், அல்லது சிறுநீரகம் போய்விடும், அல்லது எழும்பவே மாட்டார்.

திங்கட்கிழமை காலை கதவு திறக்கும் முன்பே நான் சங்கத்து வாசலில் நின்றேன். மிஸ் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போன் எடுப்பம் மிஸ்" என்றேன்.

அவர் கோட்டைக் கழற்றிக் கொளுவிவிட்டு, கேத்திலைப் போட்டார்.

"ஆபரேஷன் எப்ப?"

"அடுத்த செவ்வாய்."

"அப்ப எங்களுக்கு நாள் கிடக்கு. நீர் சொன்னால் அவருக்கு இந்தச் சங்கத்திலை இனி ஒரு ஆளையும் நம்பேலாது. மற்றவையும் பையைக் கொண்டு வராயினம். அவர் தானாச் சொல்லவேணும். வெள்ளிக்கிழமைக்குள்ளை சொல்லாட்டில் நான் போன் எடுப்பன். எடுக்க முதல் அவருக்கும் சொல்லிப்போட்டுத்தான் எடுப்பன்."

"சொல்லாட்டில் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறதோ மிஸ்? மனிசன் செத்துப்போடும்!"

குரல் தணிந்தது. "இருக்கச் சொல்லேல்லை. சொல்லுறதுக்கு வழி செய்வம் எண்டு சொல்லுறன்."

அந்தப் புதன்கிழமை இடியப்பத் தட்டுகளை எடுத்தபிறகு மிஸ் மண்டபத்தின் நடுவில் வந்து நின்றார். முன்னறிவிப்பு எதுவுமில்லை.

"ஒரு கேள்வி கேக்கப் போறன். டொக்டர் உங்களுக்கெண்டு தந்த மருந்திலை மிச்சம் பிடிச்சு ஊருக்கு அனுப்பினவை ஆரும் இருக்கிறியளோ?"

கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். நான் சிவபாதம் அண்ணையைப் பார்க்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மிஸ் தன் கையை உயர்த்தினார்.

"நான் அனுப்பினனான். வவுனியாவிலை அக்காவுக்கு. அவ கேக்கேல்லை. நானாத்தான் அனுப்பினன். இவ்வளவு கால நேர்ஸ், நான். பிறகு ஒரு நாள் வார்டிலை வேலையிலை நிக்கேக்கை எனக்குத் தலை சுத்தி விழுந்தனான். அப்பதான் நிப்பாட்டினன்."

எனக்கே இது புதிய செய்தி. கையை இறக்காமலேயே நின்றார். மனோரஞ்சிதம் அம்மா என்று ஒருவர், எதற்கெடுத்தாலும் வாதாடுகிறவர், அவர்தான் முதலில் கையைத் தூக்கினார். "சுகர் குளிசை. தம்பியின்ரை மனிசிக்கு." பிறகு பின்வரிசையில் ஒரு கை. பிறகு இரண்டு மூன்று. ஒருவர் கையைத் தூக்காமலே "பூச்சு மருந்தும் கணக்கோ?" என்று கேட்க, மண்டபம் சிரித்துவிட்டது. சிரிப்பு அடங்கும்போது பாதிப்பேரின் கை மேலே நின்றது. இத்தனை புதன்கிழமைகளாக இது தெரியாமல் இதே மண்டபத்தில் நான் நடந்து திரிந்திருக்கிறேன்.

மிஸ் யாரையும் குற்றம் சொல்லவில்லை. "உங்களுக்குத் தந்தது உங்கடை உடம்புக்கு அளந்தது. பாதி போட்டால் பாதி வேலை செய்யும் எண்டில்லை. டொக்டருக்குத் தெரியாமல் அளவு கூடிக்கொண்டு போகும். ஒரு நாள் ஆஸ்பத்திரியிலை முழுசாத் தருவினம். அண்டைக்கு என்ன நடக்கும் எண்டு பக்கத்திலை இருக்கிறவைக்குச் சொல்லிக் காட்டுங்கோ" என்றார். மண்டபம் முழுக்க ஒருவருக்கொருவர் சொல்லத் தொடங்கினார்கள்.

சிவபாதம் அண்ணை யாருக்கும் சொல்லவில்லை. கை ஜாக்கெட் பைக்குள் இருந்தது. மெல்ல எழும்பி, பொல்லை ஊன்றிக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த நாள் பிளேஸ்டோவுக்கு அவர் வீடு தேடிப் போனேன். அவிழ்த்த பார்சலையும் கையோடு கொண்டு போனேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவரே கதவைத் திறந்தார். பார்சலைக் கண்டதும் முகம் இறுகிவிட்டது.

"பிரிச்சுப் பாத்தனீரோ?"

"பாத்தனான் அண்ணை. என்னாலை இதைக் கொண்டு போகேலாது."

"அப்ப மிஸ் நேற்று எனக்காகத்தான் கேட்டவ."

"உங்களுக்காகவும்தான்."

அவர் கதிரையில் உட்கார்ந்தார். நான் நின்றேன். பிறகு ஞாபகம் வந்து, ஒரு கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டேன்.

"அங்கை பிரஷர் மருந்தில்லாத நேரம் அவள் போனிலை அழுதவள். கிளினிக்கிலை இல்லை, கடையிலையும் இல்லை, கிடந்தாலும் வாங்கேலாத விலை. எனக்கு இஞ்சை மாதாமாதம் வீட்டை கொண்டந்து தரீனம். நான் முழுசாப் போட்டுக்கொண்டு இருக்கிறதோ? அம்மாவைக் கடைசி மட்டும் பாத்தவள் அவள். நான் வந்திட்டன். நான் அவளுக்கு என்னத்தைச் செய்தனான், சொல்லும் பாப்பம்?"

"ஆஸ்பத்திரியிலை முழுசாத் தருவினம் அண்ணை. உங்கடை உடம்பு தாங்காது."

"தெரியும். நேற்று விளங்கினது. ஆனால் இப்ப சொன்னால் ஆபரேஷனைத் திரும்பவும் தள்ளுவினம். மருந்தையும் நிப்பாட்டினால்? கள்ளன் எண்டு எழுதி வைச்சால்?" பார்சலைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். "நீர் இந்தப் பார்சலைக் கொண்டு போம். நான் ஆஸ்பத்திரியிலை சொல்லுறன்."

பேரம் பேசத் தெரிந்த கடைக்காரர். எனக்கு ஒரு கணம் ஆசை வந்தது என்பதை மறைக்கவில்லை. ஓம் என்று சொன்னால் அவர் பிழைத்துக்கொள்வார், என் நெஞ்சும் ஆறும். ஆனால் அந்த மட்டைகளில் அங்கே ஒருவர் தன் இஷ்டத்துக்குக் குளிசை எடுத்து விழுங்குவதையும் நான் நினைத்தேன்.

"அண்ணை, குளிசை கொண்டு போகமாட்டன். ஆனால் நேரே அவவின்ரை வீட்டை போறன். என்ன வருத்தம், என்ன மருந்து தரீனம், எது கிடைக்கேல்லை, எல்லாம் கேக்கிறன். அங்கை இருந்தே உங்களுக்குப் போன் போடுறன். வேணுமெண்டதை அங்கையே வாங்கிக் குடுத்திட்டு வாறன்."

"வெறுங்கையோடயோ போவீர்?"

"சொக்லேட்டும் சோப்பும் கொண்டு போறன்."

அவர் குனிந்து தன் முழங்காலைத் தடவினார். "நாளைக்கு என்னோடை வாரும்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முந்திய பரிசோதனை. தாதி ஒரு இளம்பெண், கணினியைப் பார்த்து மருந்துகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். மொழிபெயர்க்க நான் வாயைத் திறக்கும் முன் சிவபாதம் அண்ணை கையைக் காட்டி என்னை நிறுத்தினார். வருடக்கணக்காக ஆங்கிலம் தெரியாதென்று மகனைக் கூட்டிக்கொண்டு திரிந்த மனிதர், தானே சொன்னார்.

"ஹாஃப் மீ. ஹாஃப் மை சிஸ்டர். ஸ்ரீலங்கா."

தாதி நிமிர்ந்து பார்த்தாள். ஏசவில்லை. கதிரையைச் சற்று முன்னால் இழுத்துக்கொண்டு, "சொன்னது மிகவும் நல்லது" என்றாள். பிறகு எந்தக் குளிசை, எவ்வளவு என்று பொறுமையாகக் கேட்டாள். ஆபரேஷன் தள்ளிப்போனது உண்மைதான். அவர் பயந்தபடி மருந்தை யாரும் நிறுத்தவில்லை. டொக்டர் மூன்று குளிசையை இரண்டாக்கி, அளவையும் குறைத்தார். அவற்றை அண்ணை முழுமையாகப் போடத் தொடங்கியதும் பிரஷர் தானாக இறங்கியது. சில மாதம் கழித்து ஆபரேஷனும் நடந்தது. ஆனால் அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. திகதி போனதில் அவருக்கு அவ்வளவு கோபம்.

கலியாணம் முடிந்த மறுநாளே கரவெட்டிக்குப் போனேன். பாக்கியம் அக்கா சுறுசுறுப்பான மனுசி. சொக்லேட்டையும் சோப்பையும் வாங்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, பொதியில் இன்னும் ஏதோ இருக்க வேண்டும் என்பதுபோல என் கையைப் பார்த்தார். நான் சொல்லியபடி போனில் அண்ணையை அழைத்து, வீடியோவில் இருவரையும் பேச விட்டேன். நலம் விசாரித்து முடிய, "உங்கடை மருந்தை அண்ணைக்கு ஒருக்கால் காட்டுங்கோ அக்கா" என்றேன்.

உள்ளே போய்க் கிளினிக் கொப்பியும் ஒரு பையும் கொண்டு வந்தார். காலைக் குளிசை, மத்தியானச் சாப்பாட்டோடு போடும் குளிசை என்று ஒவ்வொன்றாகப் போனுக்கு முன்னால் பிடித்தார். எல்லாம் ஊர்க் கிளினிக்கில் தந்தவை. லண்டன் மட்டை ஒன்றுகூட இல்லை.

"அப்ப நான் அனுப்பினது?" என்றார் அண்ணை.

பாக்கியம் அக்கா பையை ஒரு பக்கம் வைத்தார். பிறகு எழும்பிப் போய் ஒரு பிஸ்கட் ரின்னைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே பனியன் துணிக் கட்டுகள். தட்டுப்பாட்டுக் காலத்தில் வந்த கட்டு மட்டும் வெறுமையாக இருந்தது. மற்றவை அப்படியே கிடந்தன.

"அந்த நேரம் உங்கடை மருந்துதான் அண்ணை என்னைக் காப்பாத்தினது. பிறகு கிளினிக்கிலை திரும்பத் தரத் தொடங்கீட்டினம். ரெண்டையும் சேத்துப் போடக்கூடாதெண்டு அங்கை நேர்ஸ் பிள்ளை சொன்னவள்."

"வேண்டாமெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் நீங்கள் வேறை என்னத்தை அனுப்புவியள்? ஒவ்வொருக்காலும் மருந்து வந்ததோ, வந்ததோ எண்டு அவ்வளவு சந்தோசமாக் கேப்பியள். லண்டனிலை உங்களுக்கு மிச்சமாத் தரீனமாக்கும் எண்டு இருந்தன்."

சிவபாதம் அண்ணை திரையில் அசையாமல் இருந்தார். படம் நின்றுவிட்டதென்று நினைத்தேன்.

"மிச்சமில்லை பாக்கியம். அது என்ரை பங்கு" என்றார்.

பாக்கியம் அக்கா ரின்னைக் கீழே வைத்தார். பிறகு அழுதபடி ஏசத் தொடங்கினார். "விசர் மனிசா, விசர் மனிசா" என்று ஏசி, என் கையிலிருந்த போனைப் பறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் முற்றத்துக்கும் வாசல் படலைக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தேன். எனக்கும் அழுகை வந்தது, சொல்வதில் வெட்கமில்லை.

இது நடந்து சில வருடம் ஆகிவிட்டது. மிஸ் இப்போது இல்லை. போன கிழமை தர்ஷினி வீடியோ எடுக்க வந்தபோது, "என்னைப் படம் பிடிச்சு ஒண்டும் ஆகாது பிள்ளை, வாரும்" என்று அவளைக் காலையிலேயே பிளேஸ்டோவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சிவபாதம் அண்ணை குசினி மேசையில் இருந்தார். புது முழங்காலோடு எழும்பி நின்று எங்களை வரவேற்றார். சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த போனில் பாக்கியம் அக்கா. அண்ணைக்குக் காலை மருந்து நேரம், அக்காவுக்கு மத்தியானச் சாப்பாடு.

"இது பிரஷருக்கு. இதுவும் பிரஷருக்கு, ரெண்டு குளிசையும் இப்ப முழுசு" என்று காட்டினார் அண்ணை. அக்கா தன் குளிசையைக் காட்டி, சோறு சாப்பிட்டாயிற்று என்றார். இருவரும் தண்ணீர் குடித்தார்கள். எல்லாம் முடிய ரெண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தர்ஷினி போனைக் கையில் வைத்திருந்தாள், ஆனால் படம் எடுக்கவில்லை.

"அங்கிள்," என்று என் காதில் கேட்டாள், "இப்பிடி இன்னும் எத்தனை பேர் அனுப்பிக்கொண்டு இருப்பினம்?"

"தெரியாது. வீடியோவிலை கை தூக்கிக் காட்டேலாதே" என்றேன். "புதன்கிழமையை விட்டிடாதை பிள்ளை."

அவள் பதில் சொல்வதற்குள் போனிலிருந்து பாக்கியம் அக்காவின் குரல் வந்தது.

"அண்ணை, எங்கை, வாயைத் திறந்து காட்டுங்கோ."

"இவ்வளவு ஆக்கள் நிக்கேக்கையோ?"

"காட்டுங்கோ."

சிவபாதம் அண்ணை எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, போனுக்கு முன்னால் குனிந்து, ஆவென்று வாயைத் திறந்தார்.